சந்தை வேடம் பூண்ட பந்தயம்

இப்பகுதிக்கு வரும் மடல்களில் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வாடகை முன்பணம், ஊருக்குச் செல்லும் இரயிலில் இடம் கிடைக்காமை ஆகியவை பற்றிய வினாக்களே என்றும் மிகுதி. அண்மைக் காலமாக வேறொரு வினாவும் தலைகாட்டுகின்றது. “பையன் கைபேசியில் ஏதோ ‘டிரேடிங்’ செய்கிறான். பங்குச் சந்தை போலத்தான் அம்மா என்கிறான். ஆனால் கிரிக்கெட் நடக்கும் நாளில்தான் அந்தச் சந்தை கூடுகிறது. இது என்ன சந்தை?” என்று அன்னையார் ஒருவர் எழுதியிருக்கின்றார். வினாவிலேயே விடையில் பாதி அடங்கியிருத்தலை நேயர்கள் கண்டுகொள்வர்.

அமெரிக்காவில் இதற்குப் ‘பிரிடிக்‌ஷன் மார்க்கெட்’ என்று பெயர். நம் நாட்டில் ‘ஒப்பீனியன் டிரேடிங்’ என்று விளம்பரம் செய்தனர். முன்கூறல் சந்தை என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இதன் அமைப்பு எளியது. ‘இன்றைய ஆட்டத்தில் இன்னார் ஐம்பது ஓட்டம் எடுப்பாரா?’ என்று ஒரு கேள்வி. ‘ஆம்’ என்பதற்கு ஒரு விலை, ‘இல்லை’ என்பதற்கு ஒரு விலை. இரண்டும் சேர்ந்தால் 10 ரூபாய். ‘ஆம்’ 6 ரூபாய்க்கு விற்றால் ‘இல்லை’ 4 ரூபாய். விடை ‘ஆம்’ என்று முடிந்தால் 6 ரூபாய் கொடுத்தவருக்கு 10 ரூபாய். 4 ரூபாய் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் முடியுமுன் மனம் மாறினால், அப்போதைய விலைக்கு விற்று வெளியேறலாம். விலை ஏறுகிறது, இறங்குகிறது. திரையில் கோடுகள் நெளிகின்றன. இலாபம் பச்சையிலும் இழப்பு சிவப்பிலும் காட்டப்படுகின்றன. பார்ப்பதற்கு அச்சாகப் பங்குச் சந்தையே.

ஆனால் பங்கு என்பது என்ன? ஒரு தொழிற்சாலையின், ஒரு வங்கியின் உடைமையில் ஒரு சிறு பகுதி. அத்தொழில் நடக்கும், பொருள் விற்கும், ஊதியம் வரும். நாளைக்கு விலை குறையினும் பங்கு பங்காகவே கையிலிருக்கும். மேற்சொன்ன 6 ரூபாய்க்குப் பின்னே ஆலையும் இல்லை, கடையும் இல்லை. ஆட்டம் முடிந்த நொடியில் அது 10 ரூபாய் ஆகும், அல்லது சுழி ஆகும். ஒருவர் பெறுவது முழுதும் மற்றொருவர் இழந்ததே; அதிலும் நடத்துவோர் தம் பிடித்தத்தை முதலில் எடுத்துக்கொள்வர். இதைப் பந்தயம் என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது?

பந்தயம் சந்தை வேடம் பூணுவது நம் நாட்டில் இன்று நேற்று நேர்ந்ததன்று. கல்கத்தாவின் பெரிய பஜாரில் மழைக்குப் பந்தயம் கட்டும் வழக்கம் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தழைத்திருந்தது. குறித்த நேரத்திற்குள் கூரைக் குழாய் வழியும் அளவு மழை பெய்யுமா பெய்யாதா என்பதுதான் பொருள். மேகத்தைப் பார்த்துக் கணக்கிடும் வல்லோரும் இருந்தனர். அதனால் இது அறிவுக்குரிய வணிகமே என்று வாதாடியோரும் இருந்தனர். வங்காள அரசு 1897 இல் தனிச் சட்டமே இயற்றி அதனை நிறுத்த முற்பட்டது. பம்பாயிலும் அவ்வழக்கம் இருந்தது.

பம்பாய்க்கு வந்த நம் முன்னோர் நேரிற் கண்டது மட்கா. இதன் பிறப்பை நேயர்களில் முதியோர் அறிவர். இளையோர் அறிய வேண்டும். நியூயார்க்குப் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தி வழியாகப் பம்பாய்க்கு வரும். அவ்விலைகளின்மேல் பந்தயம் கட்டினர். பருத்தியை வாங்குவோரும் அல்லர், விற்போரும் அல்லர். வரப்போகும் எண்ணின்மேல் பணம் வைத்தவர்கள். எனினும் பருத்தி என்றும், நியூயார்க்கு என்றும், விலை என்றும் சொல்லும்போது அதற்கு ஒரு வணிகப் பொலிவு இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அவ்விலைகள் வருவது நின்றது. பந்தயம் நின்றதா? நிற்கவில்லை. எண்கள் எழுதிய சீட்டுகளைப் பானையில் இட்டுக் குலுக்கி எடுத்தனர். பின்பு சீட்டுக்கட்டிலிருந்து எண் எடுத்தனர். ஆலைத் தொழிலாளிகள் முன்போலவே பணம் கட்டினர். பருத்தி அதில் ஒரு நாளும் முதற்பொருளாக இருந்ததில்லை என்பதைப் பானை வெளிப்படுத்தியது. இன்றைய செயலியில் தேர்தலும், கிரிக்கெட்டும், தங்க விலையும், திரைப்பட வசூலும் அக்காலத்துப் பருத்தி இருந்த இடத்தில் இருக்கின்றன என்பதே நம் கருத்து.

இதனால் பழைய பந்தயம் நல்லது, புதியது தீயது என்று நாம் கூற வரவில்லை. குதிரைப் பந்தயத்தில் வீடு இழந்தோரைப் பற்றிய கதைகள் ஒவ்வொரு குடியிருப்பிலும் உண்டு. கிரிக்கெட் புக்கியிடம் கடன் சொல்லி ஆடியவர், கடனை வாங்க வந்த ஆட்களுக்கு அஞ்சி இரவோடிரவாக ஊர் பெயர்ந்ததும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் ஹான்சி குரோனியே செய்தி வெளிவந்தபோதும், 2013 இல் ஐ.பி.எல். ஆட்டத்தில் வீரர்கள் கைதானபோதும், ஆட்டமே விலைபோகும் என்பதை நாடறிந்தது. தீமையில் ஒன்றுக்கொன்று குறைந்ததன்று. ஆயினும் பழைய பந்தயத்தைச் சுற்றிச் சில வேலிகள் இருந்தன. சட்டம் இட்டவை சில. காலமும் இடமும் தாமே இட்டவை பல. புதிய பந்தயம் அவ்வேலிகளை ஒவ்வொன்றாக விலக்கியுள்ளது. அவற்றை விளங்கிக்கொண்டாலன்றி, பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தந்தைக்குத் தெரியாது.

முதல் வேலி பெயர். மகாலட்சுமி மைதானத்துக்குச் செல்பவன் தான் பந்தயத்துக்குச் செல்வதை அறிவான். அவன் மனைவியும் அறிவாள். தருமன் பகடை உருட்டியபோதுகூடத் தான் ஆடுவது சூது என்பதை அறிந்தே ஆடினான், அவையோரும் அறிந்திருந்தனர். சூது என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஓர் அச்சம் உண்டு. ‘முதலீடு’ என்ற சொல்லுக்கோ மதிப்பு உண்டு. பையன் சீட்டாடுகிறான் என்றால் பாட்டி முதற்கொண்டு கேள்வி கேட்பார். டிரேடிங் செய்கிறான் என்றால், “நம் பையனுக்கு விவரம் தெரியும்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறோம். வீட்டுக்குள் நுழையச் சூதுக்கு இதைவிட நல்ல வாயில் கிடையாது.

இரண்டாவது வேலி நேரம். குதிரைப் பந்தயம் நாள்தோறும் இல்லை. உள்ள நாளிலும் ஏழெட்டு ஓட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே அரைமணி அளவு ஓய்வு. அந்த அரைமணியில் தேநீர் அருந்தலாம்; பையைத் தடவிப் பார்க்கலாம்; வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைவும் வரலாம். முன்கூறல் சந்தையில் ஒவ்வோர் ஓவருக்கும், ஏன், ஒவ்வொரு பந்துக்கும் கேள்வி எழுப்ப இயலும். இதனால் விளைவதைச் சிறிய கணக்கு ஒன்றால் காட்டுவோம். கணக்கு கற்பனை, கூட்டலும் கழித்தலும் கற்பனையல்ல.

இராமன், முத்து என்னும் இருவர் ஆளுக்கு 50 ரூபாயுடன் ஆடுகின்றனர். இருவரும் சம அறிவுடையோர்; மாறி மாறி வெல்கின்றனர். ஒவ்வொரு பந்துக்கும் ஆளுக்கு 5 ரூபாய். வென்றவருக்கு உரிய 10 ரூபாயில் நடத்துவோர் 50 காசு பிடித்துக்கொள்கின்றனர் என்று கொள்வோம். நூற்றுக்கு ஐந்து, பெரிய தொகையாகத் தோன்றாது. இருபது ஓவர் ஆட்டத்தில் இரு பக்கமும் சேர்ந்து 240 பந்துகள். 180 பந்துகள் முடிந்தபோது 90 ரூபாய் நடத்துவோர் பெட்டிக்குப் போயிருக்கும். இராமனுக்கும் முத்துவுக்கும் சேர்ந்து எஞ்சியது 10 ரூபாய். ஆட்டத்தில் இன்னும் 60 பந்துகள் இருக்கின்றன. இருவரில் எவரும் தவறாகக் கணித்துத் தோற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். “இடையிலே விற்று வெளியே வந்துவிடலாம், அதனால் ஆபத்து குறைவு” என்று சொல்லும் இளைஞரும் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை புகும்போதும் வெளியேறும்போதும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கொடுத்தே தீர வேண்டும்.

மூன்றாவதாக, எதிரே நிற்பவர் யார் என்பது. புக்கி ஒரு மனிதன், முகம் தெரியும், அவன் நமக்குப் பாதகமாகவே விகிதம் வைப்பான் என்பதும் தெரியும். முன்கூறல் சந்தையில் “நாங்கள் எவர் பக்கமும் இல்லை, உங்களைப் போன்ற மற்றொருவரே எதிரே இருக்கிறார்” என்கின்றனர். அந்த மற்றொருவர் நம்மைப் போன்றவர்தானா? தொலைக்காட்சியில் நாம் காணும் பந்து மைதானத்தில் வீசப்பட்டுச் சில நொடிகள் கழிந்தது. கைபேசியிலோ இன்னும் தாமதம். மைதானத்திலிருந்து செய்தி பெறுபவனுக்கும், நொடிக்குப் பல முறை விலை மாற்றும் கணினியை வைத்திருப்பவனுக்கும், நமக்கு எதிர்காலமாக இருப்பது இறந்தகாலம். பெரிய அமெரிக்கத் தளமான கால்ஷியில், நடத்துவோருக்கு உறவான நிறுவனமும் விலை கூறுவோரில் ஒன்றாக நிற்கின்றது. நண்பனோடு ஆடுவதாக நினைத்துக்கொண்டு பையன் ஆலையோடு ஆடுகிறான்.

இனி நடுவர். குதிரை எல்லைக்கோட்டை முதலில் கடந்ததா என்பதற்கு நிழற்படம் உண்டு, மைதானத்திலேயே நடுவர் உண்டு. முன்கூறல் சந்தையிலோ கேள்வியின் சொற்களே பகடையாகிவிடும். 2025 இல் பாலிமார்க்கெட் என்னும் தளத்தில், ‘யுக்ரேன் அதிபர் செலென்ஸ்கி ஜூலைக்கு முன் சூட் அணிவாரா?’ என்ற கேள்வியில் 20 கோடி டாலருக்கும் மேல் பணம் கைமாறியது. போர் தொடங்கிய நாள்தொட்டு அவர் படைவீரர் பாங்கான உடையிலேயே இருந்தவர். ஜூன் திங்களில் ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டுக்குக் கறுப்பு மேலங்கியும் அதற்கேற்ற கால்சட்டையும் அணிந்து வந்தார். செய்தியாளர் பலர் அது சூட் என்றே எழுதினர். ‘ஆம்’ என்று வாங்கியவர்கள் மகிழ்ந்தனர். முடிவில் அறிவிக்கப்பட்டதோ ‘இல்லை’! அத்தளத்தில் வழக்கு எழுந்தால் ஒருவகை மின்நாணயத்தை வைத்திருப்போர் வாக்களித்து முடிவு செய்வர். வாக்களிப்போரே அப்பந்தயத்திலும் பணம் வைத்திருக்கலாமே என்ற குறையை அப்போது பலர் எடுத்துரைத்தனர். ஒரு மேலங்கியைச் சூட் என்பதா, கோட்டு என்பதா என்ற ஐயத்தில் கோடிக்கணக்கான பணம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போயிற்று. தையற்காரரைக் கேட்டிருந்தாலும் இதைவிட நல்ல தீர்ப்புக் கிடைத்திருக்கும் போலும்.

காவலர் யார் என்பதே எல்லாவற்றினும் பெரிய வினா. அமெரிக்காவில் 2018 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பது மாநிலங்களின் உரிமையாயிற்று. அனுமதித்த மாநிலங்களில் பெரும்பாலானவை 21 வயது நிறையாதவரை விலக்கின. “என்னைச் சேர்க்காதீர்” என்று ஆடுவோரே பெயர் எழுதிக் கொடுக்கும் விலக்குப் பட்டியலும் வைத்தன. முன்கூறல் தளங்களோ, தாம் பந்தயம் நடத்தவில்லை என்றும், மத்திய அரசின் பண்டச் சந்தை ஆணையத்துக்கு உட்பட்ட சந்தை என்றும் கூறி, 18 வயதினரையும் ஏற்றன. 2025 சனவரி முதல் கால்ஷி விளையாட்டுக் கேள்விகளையும் விற்கத் தொடங்கியது. நெவாடா, நியூ ஜெர்சி முதலிய மாநிலங்கள் நிறுத்துமாறு ஆணையிட்டன, வழக்குகள் எழுந்தன. பந்தயம் என்று பெயர் வைத்தால் உள்ள காப்பு, சந்தை என்று பெயர் வைத்தால் இல்லாமற் போகின்றது.

நம் நாட்டில் நிலை இன்னும் தெளிவு. பங்குச் சந்தையைக் காக்கும் செபி நிறுவனம் 2025 ஏப்ரல் 29 இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது: ஒப்பீனியன் டிரேடிங் தளங்கள் தன் ஆளுகைக்கு உட்பட்டவை அல்ல, அவை பங்குச் சந்தையும் அல்ல, முதலீட்டாளருக்குத் தான் அளிக்கும் பாதுகாப்பு எதுவும் அங்கே கிடைக்காது என்பது அதன் சாரம். சரி, நீதிமன்றத்துக்குப் போகலாமா? 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30 ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது; வென்ற தொகையைக் கேட்டு வழக்குத் தொடர இயலாது. செபியிடம் போனால் பந்தயம் என்பார். நீதிமன்றத்துக்குப் போனாலும் பந்தயம் என்பார். சந்தை என்று சொன்னவர் விளம்பரம் செய்தவர் மட்டுமே.

முன்பு இத்தொழிலினர் ‘இது திறமைக்குரியது’ என்ற வாதத்தின்மேல் நின்றனர். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996 இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான் வந்தது. ஆனால் 2025 ஆகஸ்டு 22 இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா தற்செயலா என்ற பழைய வழக்கையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து இணையத்தில் ஆடும் எதனையும் நடத்தக் கூடாதென்றது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும். விளம்பரம் செய்வோர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 இலட்சம் வரை தண்டமும் விதிக்கலாம். ஆடுவோர்க்குத் தண்டனை இல்லை. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

“சட்டந்தான் வந்துவிட்டதே, பின் ஏன் எழுதுகிறீர்?” என்று அன்பர்கள் கேட்கலாம். உள்நாட்டுச் செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தியபின் வெளிநாட்டுத் தளங்களுக்கு வழி காட்டும் குழுக்கள் டெலிகிராமில் பெருகியுள்ளன. மின்நாணயம் வாங்கி அதன் வழியே கட்டச் சொல்கின்றனர். உள்நாட்டுச் செயலியிலாவது வங்கிக் கணக்கில் ஒரு தடம் இருந்தது. இங்கு தளம் மறைந்தால் பணமும் மறையும். இலாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பந்தயம் போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை 2000 ஆம் ஆண்டின் செலாவணி விதிகள் தடுத்திருத்தலின், புகார் கொடுக்கச் செல்பவனே விளக்கம் சொல்ல நேரும்.

நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் தனியான ஓர் இடர் உண்டு. ஊரிலே ஒருவன் சீட்டாடும் இடத்துக்குப் போனால், மாலைக்குள் மாமன் காதுக்கும் சித்தப்பா காதுக்கும் எட்டிவிடும். அந்தேரியிலோ, நொய்டாவிலோ, புனேயிலோ நால்வர் தங்கும் அறையில், படுக்கையில் படுத்தபடி ஒருவன் ஆடுவதை அடுத்த கட்டிலில் கிடப்பவனும் அறியான். சம்பளம் வரும் கைபேசியும், ஊருக்குப் பணம் அனுப்பும் கைபேசியும், பந்தயம் கட்டும் கைபேசியும் ஒன்றே. முன்பு கடன் கொடுத்த புக்கியின் இடத்தில் இப்போது ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி வந்திருக்கிறது. ஊரில் அம்மாவுக்கு, “இந்த மாசம் சம்பளம் தாமதம்மா” என்ற செய்தி மட்டும் போகும். இரண்டு மாதம் தொடர்ந்து அச்செய்தி வந்தால், திட்டி எழுதாமல், ஒருவர் நேரிற் சென்று பார்த்துவருவது நலம் என்று நாம் கருதுகிறோம்.

பார்க்கச் செல்பவர்க்குச் சில சொல்ல விரும்புகிறோம். இலாபம் எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்று பையனைக் கேட்பதில் பயனில்லை. வென்றவை நினைவிலிருக்கும், தோற்றவை இரா. பொய் சொல்கிறான் என்பதில்லை, மனம் அப்படி. வங்கிக் கணக்கின் ஆறு மாதப் பட்டியலை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, சென்றதையும் வந்ததையும் தாளில் கூட்டுங்கள். அவன் கையாலேயே கூட்டட்டும். செயலியிலே எஞ்சிய தொகை இருந்தால் உடனே வங்கிக்குத் திருப்பச் சொல்லுங்கள். “விட்டதைப் பிடிக்க இன்னும் ஒரு பத்தாயிரம்” என்றால் கொடுக்க வேண்டா. கடனிருந்தால், கடன் கொடுத்தவருக்கு நீங்களே நேரே கட்டுங்கள். அவன் கையில் தராதீர்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று யாரேனும் அழைத்தால், அது முதல் ஏமாற்றத்தின் தம்பி என்று அறிக.

பணம் மோசடியாகப் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் வங்கியில் தொகையை நிறுத்திவைக்க வழியுண்டு. பையன் உறங்காமல், உண்ணாமல், யாரோடும் பேசாமல் இருப்பானாயின், அரசின் மனநல உதவி எண் 14416 இல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும் தமிழ் வேண்டுமென்று கேட்கலாம்.

வாடகை ஒப்பந்தம் பற்றி வந்துள்ள மடல்களுக்கு அடுத்த திங்கள் விடை எழுதுவோம்.